புயல் வெட்டு

ஹெரான் பே, ஃப்ளோரிடா
மே 27

அன்புள்ள ஆர்டிஸ்,

ஊருக்குக் கிளம்பும்போது காரின் கண்ணாடியை இறக்கி நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏன் வாத்தியாரே, முடி வெட்டிக்கிட்டு யாராவது செத்திருக்காங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. பள்ளியில் காலமெல்லாம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு, பதில் சொல்லாமல் விட்ட கேள்வி பல்லில் சிக்கிய நார் மாதிரி. அதனால் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. நேற்று மரம் கழிக்கும் ஹார்லன் ஏணியும் ரம்பமுமாக உங்கள் வாசலில் வந்து நின்றார். ஜூன் பிறந்தால் புயல் காலம். அதற்குள் தெருவில் உள்ள எல்லாத் தென்னைக்கும், காற்றில் பறந்து கூரையில் விழாதபடி மட்டைகளைக் கழித்துவிடும் ‘புயல் வெட்டு’ வெட்டிவிட வேண்டும் என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. நான் வேலியோரம் போய் நின்றேன்.

"என்ன சார், எல்லா மரத்துக்கும் மொட்டை போட்டாச்சு. உங்களுதும் இதுவும்தான் பாக்கி."

"என்னுதைத் தொட வேண்டாம். இதையும் இன்னிக்கு வேண்டாம் ஹார்லன். நான் ஆர்டிஸ்கிட்ட பேசிக்கிறேன்."

"மரம் அவங்களுது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி," என்று ஏணியைத் திரும்ப வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது உங்கள் கேள்வி. ஓக் மரத்துக்கு நூறு கிளை, ஆயிரம் நுனி. ஒன்று போனால் இன்னொன்று துளிர்க்கும். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. ஒரே ஒரு சாக்பீஸ் வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குருத்தைச் சுற்றி நிற்கும் மட்டைகள்தான் அதற்குச் சட்டைப்பை. காற்று வரும்போது அவை வளைந்து கொடுத்து அதைப் பொத்திக்கொள்கின்றன. சுற்றிலும் வெட்டிவிட்டு நாலு மட்டையை மட்டும் நெட்டுக்குத்தாக நிறுத்தினால் சாக்பீஸ் தரையில் கிடக்கிறது.

எமில் இருந்தவரை காய்ந்த மட்டையைத் தவிர எதையும் எடுத்ததில்லை. உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
வெண்டல் ஆம்ஸ்லர்


டுலூத், மினசோட்டா
ஜூன் 4

வாத்தியாரே,

நான் உங்களை மாதிரி இலக்கணமா எழுத மாட்டேன். பேசுற மாதிரிதான் வரும். இன்னிக்கு நான் பேசினா தெருவே கேக்கும், அதனால காகிதத்தோட நிறுத்திக்கிறேன்.

யாரைக் கேட்டு ஹார்லனைத் திருப்பி அனுப்பினீங்க? அது யார் மரம்? என் வீட்டுக்காரர் எமில் கடற்கரையில கிடந்த காயைப் பொறுக்கிட்டு வந்து, ஏதோ குழந்தை கிடைச்ச மாதிரி துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்து நட்ட மரம். பனியில பிறந்து பனியில வளர்ந்த ஆளுக்கு வாசல்ல ஒரு தென்னைன்னா சொர்க்கம். அவருக்கு அப்புறம் அது என்னுது. உங்களுது இல்லை.

எமில் வெட்டினதில்லைன்னு எனக்கே சொல்றீங்களா? எமில் இருந்தப்ப ரேடியோவுல புயல்னு சொன்னா, "கூரை தாங்கும், தூங்கு"ன்னு சொல்ல பக்கத்துல ஆள் இருந்தது. இப்ப நான் இங்க ஆயிரத்தெட்டு மைலுக்கு அப்பால படுத்துக்கிட்டு, எந்த மட்டை எந்த ஓட்டைப் பேர்க்குதோன்னு விட்டத்தைப் பாத்துட்டு இருக்கேன். உங்க சாக்பீஸ் என்னைத் தூங்க வைக்காது.

ஹார்லனுக்குப் போன் பண்ணிட்டேன். திங்கட்கிழமை வருவாரு. நீங்க உங்க வீட்டுக்குள்ள இருங்க.

இனிமே ஒரு விதி. மரத்தைப் பத்திப் போன்ல பேச்சு கிடையாது. நான் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்காம என் மரத்து மேல உங்க விரல் படக்கூடாது. தண்ணி ஊத்துறதுக்குக்கூட!

ஆர்டிஸ் நீமி


ஹெரான் பே
ஜூன் 21

அன்புள்ள ஆர்டிஸ்,

உங்கள் விதி கிடைத்தது. அப்படியே நடப்பேன்.

ஹார்லன் வந்து போனார். நான் வீட்டுக்குள் இருந்தேன். காய், பாளை, பச்சை மட்டை எல்லாம் போய்விட்டன. வானத்தைப் பார்த்து நான்கு மட்டைகள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கும் பழைய துடைப்பான் நினைவுக்கு வருகிறது.

மழை போதுமான அளவு பெய்கிறது. அதனால் தண்ணீர் பற்றிக் கேள்வி எழவில்லை.

வெண்டல்


டுலூத்
செப்டம்பர் 18

வாத்தியாரே,

புயல் வந்துட்டுப் போயிடுச்சு, என் மரம் நிக்குது, என் கூரை நிக்குது. ஹார்லன் சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. மொட்டை போடாத மரம் ஒண்ணு அந்தத் தெருவுல இருக்காம். அதுல இருந்து காய் பறந்து வந்து ஒருத்தர் காரோட முன்கண்ணாடியைப் பொளந்துடுச்சாம். கார் வாத்தியாருதாம். மரமும் வாத்தியாருதாம்.

"சிரிக்காம சொல்லுங்க ஹார்லன்"னேன். "முடியலையேம்மா"ன்னாரு.

நான் மட்டும் சிரிக்கவே இல்லைன்னு சொல்லிக்கிறேன்.

ஆர்டிஸ்


ஹெரான் பே
செப்டம்பர் 29

அன்புள்ள ஆர்டிஸ்,

ஹார்லன் சொன்னது உண்மை. காய்களைப் புயலுக்கு முன்பே இறக்கியிருக்க வேண்டும். அதில் நீங்களும் ஹார்லனும் சொன்னது சரி, நான் செய்தது தவறு. காய் வேறு, மட்டை வேறு என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். காய் மரத்தின் பாரம். மட்டை அதன் சாப்பாடு.

இந்தப் புயல் சின்னது. எந்த மரமும் விழவில்லை, வெட்டியதும் விழவில்லை, வெட்டாததும் விழவில்லை. இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் இதே குறிப்பைத்தான் போட்டிருப்பேன்.

நவம்பரில் எப்போது வருகிறீர்கள்? உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைக்க வேண்டுமே. குழாய் விதிக்குள் வருகிறதா என்று தெரியவில்லை.

வெண்டல்


டுலூத்
நவம்பர் 14

வாத்தியாரே,

குழாயைத் திறக்க வேண்டாம். நான் வரலை.

முதல் பனி விழுந்த அன்னிக்கு நீராவிக் குளியலுக்கு விறகு எடுக்கப் போனேன். படியில வழுக்கி இடுப்பு எலும்பு போச்சு. ஆணி வெச்சுத் தெச்சிருக்காங்க. பையன் ரஸ்ஸல் வந்து சோபாவுல படுத்துக்கிட்டு எனக்குக் காவல் காக்குறான். "அம்மா, அந்த ஃப்ளோரிடா வீடு இனிமே எதுக்கு?"ங்கிறான். "வாயை மூடிட்டு சூப்பைச் சூடு பண்ணு"ன்னேன்.

வருஷா வருஷம் இந்நேரம் உங்க வேலிக்குப் பக்கத்துல நின்னு சண்டை போட்டுட்டு இருப்பேன். இங்க ஜன்னல் வழியா ஏரிதான் தெரியுது. அது பதிலுக்குச் சண்டை போட மாட்டேங்குது.

ஆர்டிஸ்


ஹெரான் பே
டிசம்பர் 22

அன்புள்ள ஆர்டிஸ்,

நாளை மறுநாள் இரவு உறைநிலைக்குக் கீழே போகும் என்று வானொலி சொல்கிறது. இங்கே பல வருடங்களாக இப்படி வந்ததில்லை. நான்கு மட்டையோடு நிற்கும் மரத்துக்கு அது பெரிய குளிர். இப்போது புது மட்டை இரண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மட்டைகளைச் சேர்த்துக் கட்டி, உச்சியில் பழைய போர்வைகளைச் சுற்றலாம். அடியில் வைக்கோலைக் குவிக்கலாம். உங்கள் எழுத்து மூலமான அனுமதி தேவை. இந்தக் கடிதம் சரியான நேரத்துக்கு வந்து சேராது என்பதும் எனக்குத் தெரியும்.

இடுப்பு எப்படி இருக்கிறது?

வெண்டல்


டுலூத்
ஜனவரி 3

வெண்டல் ஆம்ஸ்லர்,

உங்க கடிதம் கிறிஸ்துமஸ் முடிஞ்சு வந்தது. படிச்சுட்டு ரஸ்ஸல் மேல கத்தினேன், அவன்தான் பக்கத்துல இருந்தான்.

ஒரு போர்வை! குளிருல நிக்கிற மரத்துக்கு ஒரு போர்வை போட அனுமதியா? தெருநாய் நடுங்கினா அதுக்கும் மனு போடுவீங்களா? ஹார்லன் எல்லாத்தையும் சொன்னாரு. உங்க மரத்துக்குப் போர்வை சுத்தினீங்களாம். சூட்டுக்கு விளக்குக்கூடத் தொங்கவிட்டீங்களாம். ஏணி வேலிக்கு அந்தப் பக்கம் சாஞ்சு நின்னுச்சாம். அந்த ஏணியை நாலு எட்டு இந்தப் பக்கம் தூக்கிட்டு வர உங்களுக்குக் கை இல்லை.

போனாவது பண்ணியிருக்கலாமே?

ஆர்டிஸ்


ஹெரான் பே
ஜனவரி 12

அன்புள்ள ஆர்டிஸ்,

போன் செய்தேன். இருபத்து நான்காம் தேதி மாலை. நீங்கள்தான் எடுத்தீர்கள். "ஹலோ" என்றீர்கள். "நான் வெண்டல், மரத்தைப் பத்தி" என்றேன். வைத்துவிட்டீர்கள்.

அதன் பிறகு ஏணியைப் பார்த்தேன். உங்கள் ஜூன் மாதக் கடிதம் சமையலறை மேசை மேல் இருந்தது, அதையும் பார்த்தேன். விரல் படக்கூடாது என்று எழுதியிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன். அது சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டதா, இல்லை வீம்பா என்று நீங்கள் கேட்டால், இரண்டும் அன்று ஒரே சட்டையைப் போட்டிருந்தன.

மரத்தின் நிலைமை: மட்டைகள் ஆறும் பழுப்பு. அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் பச்சை. குருத்து இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் தென்னை விஷயத்தில் நிமிர்ந்து நிற்பதை நம்பக் கூடாது. வெட்டிய பூவும் ஜாடியில் சில நாள் நிமிர்ந்துதான் நிற்கும்.

என் மரத்துக்கு ஓலை நுனிகள்தான் கருகின. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

வெண்டல்


டுலூத்
பிப்ரவரி 6

வாத்தியாரே,

அந்தப் போன் நினைவுக்கு வந்துடுச்சு. "மரத்தை"ன்னு கேட்டதும் பழைய சண்டையைத்தான் திரும்ப ஆரம்பிக்கிறீங்கன்னு நினைச்சேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இடுப்புல வலி, அடுப்புல மீன். வெச்சுட்டேன்.

சரி, அதை விடுங்க. இப்ப விஷயம் வேற. ரஸ்ஸல் வீட்டை விக்க ஒரு தரகரம்மாகிட்ட பேசிட்டான். அந்த அம்மா ஹெரான் பேயில இருந்து போன் பண்ணி, வாசல்ல செத்த மரம் நிக்குது, அதை முதல்ல வெட்டி எடுத்தாத்தான் வீட்டைக் காட்ட முடியும்னு சொல்லிட்டா. ஹார்லனும், "குருத்தைப் பிடிச்சு இழுத்தேன், கையோட வந்துடுச்சும்மா, நாத்தம் தாங்கலை"ங்கிறாரு.

உண்மையைச் சொல்றேன். அந்த வீட்டுல எமிலோடதுன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். சட்டையெல்லாம் தானமாக் கொடுத்துட்டேன். மரம் இருந்தா வீட்டை வெச்சிருப்பேன். மரம் போச்சுன்னா, கையெழுத்துப் போட்டுட்டு இங்கயே ஏரியைப் பாத்துட்டு உக்காந்துடுவேன்.

இருக்கா, செத்துடுச்சா? ஒரே வார்த்தையில பதில் வேணும். உதாரணம் வேண்டாம்.

ஆர்டிஸ்


ஹெரான் பே
பிப்ரவரி 13

அன்புள்ள ஆர்டிஸ்,

தெரியாது.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், அதுதான் உண்மையான வார்த்தை. "இருக்கிறது" என்று எழுத எனக்கு ஆசை. அதற்கு மரத்தோடு சம்பந்தமில்லாத காரணமும் உண்டு. அதனாலேயே எழுதவில்லை.

குருத்து கையோடு வந்தால் மரம் செத்துவிட்டது என்று ஹார்லன் மட்டுமல்ல, இந்த ஊரில் எல்லோருமே நினைக்கிறார்கள். உடனே வெட்டியும் விடுகிறார்கள். வெளியே வந்தது அழுகிய இளம் ஓலை. அது முளைத்த இடம் அதற்கும் கீழே, மரத்துக்குள்ளே இருக்கிறது. அந்த இடம் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வெயில் ஏறினால்தான் மரமே சொல்லும். ஜூன் வரை பொறுக்க வேண்டும்.

பொறுப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. குழியில் அழுகியதைச் சுத்தம் செய்து, பூஞ்சையைக் கொல்லும் செம்பு மருந்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். கொஞ்ச நாள் விட்டு இன்னொரு முறை. பாதி கருகிய மட்டைகளில் மீதிப் பச்சை இருக்கும்வரை ஒன்றையும் வெட்டக் கூடாது.

எழுத்து மூலமான அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

வெண்டல்


டுலூத்
பிப்ரவரி 22

வாத்தியாரே,

நடக்க முடியாதவளுக்கு ஜன்னல்தான் உலகம். ஜன்னலுக்கு வெளியே எங்க விறகுக் கொட்டகை. அக்டோபர்ல கூரை வரைக்கும் அடுக்கி இருந்தது. ரஸ்ஸல் தினமும் எடுக்கிறான், அது இறங்கிக்கிட்டே வருது. நேத்து பாதிக்குக் கீழே வந்துடுச்சு. குளிர் இன்னும் பாதி பாக்கி.

எனக்கு ஒண்ணு தோணுச்சு. யாராவது இலையுதிர் காலத்துல வந்து, "ஆர்டிஸ், வாசல் நல்லா இல்லை, இந்த விறகை எல்லாம் தூக்கிப் போட்டுட்டா பளிச்சுன்னு இருக்கும்"னு சொன்னா, அந்த ஆளை நான் கோடாலியோட துரத்தியிருப்பேன். பழைய மட்டையில இருக்கிற சத்தைத்தான் மரம் இறக்கி இறக்கிச் சாப்பிடுதுன்னா, ஜூன்ல நான் என் விறகை நானே தூக்கிப் போட்டிருக்கேன். உங்க சாக்பீஸ், சட்டைப்பை, துடைப்பான் எல்லாத்தையும் விட இது நல்ல உதாரணம். எழுதி வெச்சுக்கோங்க.

ரஸ்ஸல்கிட்ட சொல்லிட்டேன். "ஜூன் வரைக்கும் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து கிடையாது." "ஒரு மரத்துக்காகவாம்மா?"ன்னான். "இல்லடா, உன் சூப்புக்காக"ன்னேன்.

இதோ அனுமதி. என் மரத்துக்கு எது தேவையோ அதைச் செய்யலாம். ஆனா நீங்க ஏணி ஏறக்கூடாது. ஹார்லன் ஏறட்டும், நீங்க கீழ நின்னு பாடம் நடத்துங்க. ஒரு தெருவுக்கு ஒரு இடுப்பு உடைஞ்சது போதும்.

ஆர்டிஸ் நீமி (கையெழுத்து இதுதான், நல்லாப் பாத்துக்கோங்க)


ஹெரான் பே
ஏப்ரல் 30

அன்புள்ள ஆர்டிஸ்,

மருந்து இரண்டு முறையும் ஊற்றியாகிவிட்டது. ஹார்லன்தான் ஏறினார். "செத்த மரத்துக்கு வைத்தியம் பாக்குற முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார். மேலே போனதும் ஓரமாகத் தொங்கிய மட்டையை வெட்டப் பழக்கத்தில் கை ரம்பத்துக்குப் போனது. கீழிருந்து நான் கத்திய கத்தலில், தாங்களாகவே வீடு பார்க்க வந்த தம்பதி காரிலிருந்து இறங்காமலே போய்விட்டார்கள். அதற்காக ரஸ்ஸலிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இதுவரை எதுவும் தெரியவில்லை.

வெண்டல்


ஹெரான் பே
ஜூன் 9

அன்புள்ள ஆர்டிஸ்,

வந்திருக்கிறது.

கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கிறது. என் முழங்கை நீளம்கூட இல்லை. நுனி கிடையாது, ஓரமெல்லாம் பழுப்பு. அடுத்த ஓலையும் இப்படித்தான் வரும், அதற்கு அடுத்ததும் கொஞ்சம் கோணலாக இருக்கலாம். ஆனால் பச்சை. ஹார்லன் ஏறித் தொட்டுப் பார்த்தார். இந்த முறை இழுக்கவில்லை. இறங்கி வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் வெட்டினதுல எத்தனை மரம் இப்படி இருந்துச்சோ" என்றார்.

வெண்டல்


டுலூத்
ஜூன் 18

வாத்தியாரே,

உங்க கடிதத்தை ரஸ்ஸலைப் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு அந்தத் தரகரம்மாவுக்குப் போன் பண்ணி, வீடு விக்கிறதுக்கு இல்லைன்னு அவனே சொல்லிட்டான். நான் ஊன்றுகோலை மட்டும் எடுத்துக் காட்டினேன்.

நவம்பர் முதல் வாரம் வரேன். குழாயைத் திறந்து வையுங்க.

ஆர்டிஸ்


ஹெரான் பே
அக்டோபர் 20

அன்புள்ள ஆர்டிஸ்,

குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் முதலில் துரு நிறத்தில் வரும், கொஞ்ச நேரம் ஓட விடுங்கள்.

நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். ஆரிகனில் இருக்கும் என் அக்காள் லீனாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் குளிர்காலம் அவளோடு இருக்கப் போகிறேன். வேலிக்கு இரண்டு பக்கமும் நிற்க ஆள் இருந்த காலத்தில் சண்டை போட்டோம். இப்போது ஆள் மாறி மாறி ஊரில் இல்லை.

உங்கள் மரத்தில் இப்போது ஆறு ஓலை. கடைசியாக வந்தது நேராக, நுனியோடு வந்திருக்கிறது. எமில் நட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படி என்று சொல்ல மாட்டேன். தண்டில் குளிர் பட்ட இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கித்தான் இருக்கும், அது நிறையவே நிறையாது.

என் ஏணியையும் போர்வைகளையும் உங்கள் வாசலில் வைத்திருக்கிறேன். குளிர் வந்தால் என் மரத்துக்கும் சேர்த்துப் போர்த்த ஹார்லனிடம் சொல்லுங்கள். என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம். எழுதவும் வேண்டாம். இது என் விதி.

முடி வெட்டிக்கொண்டு யாராவது செத்திருக்கிறார்களா என்ற உங்கள் பழைய கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது நினைவிருக்கிறது. நீங்களே விறகுக் கொட்டகையைப் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள், அதற்கு மேல் என்னிடம் உதாரணம் இல்லை. அடுத்த மே மாதம் புயல் வெட்டுக்கு என்று யாராவது வந்து நிற்பார்கள். அப்போது இதை மட்டும் செய்யுங்கள்: மரத்துக்கு எதிரே போய் நின்று, இரண்டு கைகளையும் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டுங்கள், அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்குவதில் முழுக்கக் காய்ந்ததை மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வெண்டல்